சாயம் ஏறாத எலும்பு

கண்ணாடி ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததுமே அவளுக்குத் தப்பு புரிந்துவிட்டது. ஒரே ரோஸ் நிறம். மருந்துக்குக்கூட நீலத்தைக் காணோம்.

கால்நடை ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து ஆய்வுக்கூடத்தில் அவள்தான் திசுக்களைச் சீவிச் சாயம் ஏற்றுகிறவள். ஈரல், குடல் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும். எலும்பு அப்படியல்ல, கத்தியைக் காட்டினால் கத்தியின் பல்லை உடைத்து அனுப்பும். அதனால் முதலில் அதை மிதமான ஆசிட்டில் ஊறப்போட்டு, சுண்ணாம்பையெல்லாம் கரையவிட்டு, விரலுக்கு வளைந்து கொடுக்கும் பதம் வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு சாயம் போட்டால் எலும்பு ரோஸாகவும், அதற்குள் குடியிருக்கும் செல்களின் கரு நீலமாகவும் தெரியும். அந்த நீலத்தைப் பார்த்துத்தான் டாக்டர் நல்லது கெட்டது சொல்வார். காட்டமான ஆசிட்டில் போட்டால் எலும்பு சீக்கிரம் இளகிவிடும், ஆனால் செல்களுக்கு நீலம் பிடிக்கும் குணமும் கூடவே போய்விடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வலித்திருக்கிறது. அப்படிப்பட்டவளே அதைச் செய்து தொலைத்திருந்தாள்.

ஏனென்றால் அது மந்திரியின் எலும்பு. மந்திரி அவள் வீட்டு நாய். சரியாகச் சொன்னால் அவள் கணவனின் நாய். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டியிடம் நாலு வார்த்தை, மந்திரியிடம் நாற்பது வார்த்தை. "எனக்கும் ஒரு வால் இருந்திருந்தா என்கிட்டயும் பேசியிருப்பீங்க" என்று அவள் சீண்டுவாள். அந்த மந்திரி திடீரென்று ஒருநாள் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. எக்ஸ்ரேயில் எலும்பின் மேல் ஒரு புடைப்பு. புற்று என்றால் காலை எடுத்துவிட வேண்டும் என்றார் சர்ஜன். எங்கேயாவது அடிபட்டதா என்று அவர் கேட்டதற்குக் கணவன் தரையைப் பார்த்தபடி இல்லையென்று தலையாட்டினான்.

வெட்டி எடுத்த சிறு துண்டு அவள் மேசைக்கே வந்தது. தினமும் சாயங்காலம் அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் முகத்தையே பார்ப்பான். இன்னும் ஊறுகிறது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோகிற அந்த மனிதனைப் பார்க்கப் பொறுக்காமல்தான் துண்டைக் காட்டமான ஆசிட்டுக்கு மாற்றினாள்.

ஸ்லைடைப் பார்த்துச் சொல்கிற டாக்டர் அவளைவிட இளையவள். நடந்ததைக் கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மீதித் துண்டு இருக்கா அக்கா?"

"பாதியைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன் டாக்டர்."

"அப்ப முதல்லேருந்து பண்ணுங்க. உடைஞ்ச எலும்பு ஒட்டும்போது வளர்ற புது எலும்பும் தாறுமாறாத்தான் இருக்கும், புற்றும் அப்படித்தான் இருக்கும். அடிபட்டுச்சா இல்லையான்னு தெரிஞ்சாலே எனக்குப் பாதிக் குழப்பம் தீரும்."

அன்று சாயங்காலம் அவள் எதையும் பூசி மெழுகவில்லை. தன் அவசரத்தால் பாதித் துண்டு பாழாய்ப் போனதை அப்படியே சொன்னாள். அவன் மந்திரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"நீ பண்ணது ஒண்ணும் பெரிய தப்பில்ல" என்றான். "கொஞ்ச நாளைக்கு முன்னாடி வேனை ரிவர்ஸ் எடுத்தப்ப ஒரு கத்து கத்துச்சு. இறங்கிப் பாத்தேன். எழுந்து வாலை ஆட்டுச்சு. ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன்."

"அந்த சர்ஜன் கேட்டாரே! வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

"ஊர்ப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறவன்மா நான். பின்னாடி பாக்காம எடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒரு வார்த்தை சொல்லாததால் ஒரு காலே போயிருக்கும். நன்றாக நாலு கேட்டுவிட வாயைத் திறந்தபோதுதான் அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. பாவம் இந்த மனுஷன் என்று தோன்றியது. அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க. அடிபட்டு வந்ததுன்னா கால் பிழைச்சுது. புரியுதா? உங்க வேன்தான் இடிச்சிருக்கணும்னு வேண்டிக்கோங்க."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். மந்திரி இருவர் மடியிலும் பாதிப் பாதியாகச் சாய்ந்துகொண்டது.

மறுநாள் வேன் விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டு, மீதித் துண்டை மிதமான ஆசிட்டில் அதன் போக்கிலேயே விட்டாள். தினமும் காலையில் எடுத்து விரலால் மெதுவாக வளைத்துப் பார்ப்பாள். விறைப்பாக இருந்தால் மறுபடி புட்டியில் போட்டு மூடிவிடுவாள். ஒருவழியாக அது வளைந்த அன்று சீவிச் சாயம் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனாள்.

டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். பிறகு எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே பாருங்க அக்கா. வெளியோரம் தாறுமாறா இருக்கு. உள்ள வரவர ஒழுங்காகுது. புற்றுக்கு இந்த ஒழுங்கு வராது. இன்னொரு எக்ஸ்ரே பாத்துட்டுத்தான் முடிவா எழுதுவேன். ஆனா காலை எடுக்கச் சொல்ல மாட்டேன்."

ரோஸ் நிற எலும்பின் கரையோரமாக நீலப் புள்ளிகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நின்றன. இடிந்த இடத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் செல்கள். கண்ணீர் அவள் பார்வையை மறைத்தது.

வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டாள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தான் போல; காது கிழிகிற கூச்சல். ஓரமாக நிறுத்தச் சொல்லி, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

என்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.

"கேக்குதாங்க?"

"அங்கிள், இங்க யாராச்சும் இறங்கணுமா?" என்று ஒரு குழந்தை கேட்டது. அவன் மூக்கை உறிஞ்சுவதுதான் கேட்டது. முன்சீட்டுக் கூச்சல் முதலில் நின்றது. பிறகு நடுவில் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பின்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு குரல்களும் அடங்கின. வேன் முழுவதும் மூச்சுக் காட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் போனில் கேட்டது.