கர்ப்பிணி வீரய்யா

“டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் தாங்க, சேர்.”

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று வேலைக்கு வந்த அன்றே செல்வரத்தினம் சேர் சொல்லியிருந்தார். பதுளைக் கடைத்தெரு மாடியில் இயங்கும் எங்கள் கம்பெனிக்கு அதுதான் மூலஸ்தானம். பூசாரி அவர் ஒருவர்தான்.

மேசையில் அட்டைகளைப் போட்டேன். நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றின் கர்ப்பிணிகளுக்கு நாளை கொடுக்கவேண்டிய இரத்த வகை அட்டைகள். முதல் அட்டை: வீரய்யா, ஏழு மாதம். அடுத்தது: வீரய்யா, இரட்டைக் குழந்தை. கட்டு முழுக்க வீரய்யா. அவர்களை வேலை வாங்கும் மீசை நரைத்த கங்காணி இத்தனை பிள்ளை சுமப்பது வைத்திய உலகுக்கே புதிது.

“உம்மட புரோகிராம் பிழை,” என்றார்.

“டேட்டாபேஸ்ல இருந்து விவரம் எடுக்கிற உங்க குவெரிதாங்க பிழை. பொம்பளைங்க டேபிள்லயும் பேர் இருக்கு, கங்காணி டேபிள்லயும் பேர் இருக்கு. ரெண்டையும் சேத்து அப்படியே அள்ளிட்டீங்க. என் புரோகிராம்ல ஒரு அட்டைக்கு ஒரு ஆப்ஜெக்ட், அதுல பேருக்கு ஒரே எடம். பின்னால வந்த கங்காணி அவளுகளத் தள்ளிட்டு உக்காந்துட்டாரு. பதிவு நம்பரும் அப்படித்தான். அம்மா பேர், கங்காணி பேர்னு தனித்தனியா எடுத்தா சரியாயிரும். பாஸ்வேர்ட் தந்தா நானே மாத்திருவேன்.”

“அதுகள் எப்பவும் வீரய்யா கேங்தானே? பேரைக் கையால எழுதிவிடும்.”

“எந்த அட்டையில யார் பேர? நம்பரும் இல்லையே! எங்கக்கா இராக்கம்மாவும் இதுல ஒருத்தி. போன பிரசவத்துலயே ரத்தம் ஏத்துனாங்க. அவசரத்துல இந்த அட்டையப் பாத்து ஏத்துனா?”

“அதை நர்ஸ் பார்ப்பா.”

“அப்ப நீங்களாவது மாத்துங்க.”

“என்ர குவெரியில பிழை எண்டு தோட்டத்துத் துரைக்கு நான் சொல்லேலாது. லயத்தில இருந்து வந்த முதல் பட்டதாரி எண்டு பாவம் பாத்து வேலை தந்தன். பாஸ்வேர்ட் கேக்கிறீர்!”

“பாவம் பாத்தது போதும், சேர். குவெரியப் பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. தேநீரைக் குடித்தார்.

அட்டைகளைப் பொறுக்கி என் பையில் திணித்தேன்.

“அதை எங்க கொண்டு போறீர்?”

“வீரய்யாவுக்குப் பிரசவம் பாக்க. எல்லாருக்கும் மறுபடி ரத்தம் சோதிக்கச் சொல்லி மருத்துவிச்சிகிட்ட நானே சொல்றேன். யாரு பிழைன்னும் சொல்றேன்.”

“திரும்பி வந்தா வேலை இல்லை!”

அட்டைகளைப் போடும்போதே என் அலுவலகச் சாவியையும் அவர் மேசையில் வைத்திருந்தேன். அதையும் அவர் பார்க்கவில்லை. நமுனுகுல பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கினேன்.