கம்மி என்று எழுதிய ஒன்பது கேசட்

எழில்மதி திருப்பித் தருவதற்காக ஒதுக்கி வைத்த ஒன்பது கேசட்டிலும் என் வீட்டுக்காரரின் கையெழுத்தில் ‘கம்மி’ என்று எழுதியிருந்தது. அவள் எடுத்துக்கொண்ட ஏழில் ‘ஜாஸ்தி’ என்று இருந்தது. எதைத் தவறாகப் புரிந்துகொண்டாள் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஆனாலும் வாயைத் திறக்காமல் டீ போடப் போனேன்.

படத்துக்கென்று போட்டு, படத்தில் வராமல் போன இசையைத் தேடிப் பிடித்து வெளியிடுகிற சின்னக் கம்பெனி ஒன்றை அவள் சென்னையில் நடத்துகிறாள். என் மகள் சப்ரின், அவளுடைய அத்தா, என் வீட்டுக்காரர், இறந்து ஒரு வருடம் ஆனபோது, அவர் கீபோர்டில் வாசித்ததில் அரை நிமிடத்தை இணையத்தில் போட்டிருந்தாள். அதைக் கேட்டுவிட்டு எழில்மதி சின்னசேலம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் சுபுஹானுக்குச் செருப்புக் கடை. தொண்ணூற்று நாலில் கல்வராயன் மலைக்குப் படம் எடுக்க வந்தவர்கள், ஆடுகிறவர்களுக்காக நாற்பது ஜோடி செருப்பை அவரிடம்தான் வாங்கினார்கள். செருப்பை அளவு பார்த்துக்கொண்டே, தனக்கு இசையும் வரும் என்று இவர் டைரக்டரிடம் சொல்லியிருக்கிறார். “போட்டுக் கொண்டாங்க, கேப்போம்” என்றாராம் அவர். ஜோடியில் ஒன்று மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ளும் மனிதர், அன்றைக்குக் கடைச் சாவியைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை கடை கிடையாது. காலையிலிருந்து ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் வரை கீபோர்டுதான். அருவிக்கு ஒன்று, துரத்தலுக்கு ஒன்று, பிரிவுக்கு மூன்று என்று போட்டுக்கொண்டே போனார். எதிலும் வீணை, புல்லாங்குழல் வாடையே கிடையாது. எல்லாம் கரண்டில் பிறந்த சத்தம். அந்தப் பழைய கீபோர்டின் பின்னால் வயர் செருகுகிற இடம் உடைந்திருந்ததால், அதன் ஸ்பீக்கருக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துத்தான் பதிவு செய்வார். கீபோர்டு பேசுவதோடு வீடு பேசுவதையும் அது சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

நான் வீட்டில் இருந்தால், “சத்தத்தக் கம்மி பண்ணுங்க” என்பேன். குறைத்துக்கொண்டு வாசிப்பார். அந்தக் கேசட்டில் ‘கம்மி’ என்று எழுதுவார். நான் மணலூர்பேட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் முழுச் சத்தமும் வைத்து வாசிப்பார். அது ‘ஜாஸ்தி’. ஜாஸ்தியை டேப் ரெக்கார்டரால் தாங்க முடியாது. சத்தம் கிழியும். கம்மிதான் தெளிவாக இருக்கும், ஆனால் அதில் நான் இருப்பேன்.

டைரக்டருக்குப் போட்டுக் காட்ட, படப்பிடிப்பு நடந்த வெள்ளிமலைக்குப் பஸ் ஏறியபோது அவர் எடுத்துப் போனது ஒரு ஜாஸ்தியை. ஏன் என்று அவர் சொல்லவில்லை. மனைவி சத்தம் போடுகிற கேசட்டை யார்தான் சபையில் போடுவார்கள்? டைரக்டர் ஒரு பக்கம்கூடக் கேட்கவில்லையாம். “என்ன பாய், லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருக்கு” என்றாராம். படம் வேறு யாருடைய புல்லாங்குழலோடோ வந்தது. இவர் தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “செருப்பெல்லாம் நல்லா தெரியுது நூரு” என்றார். அதற்குப் பிறகு கீபோர்டு அலமாரிக்கு மேலே போனது.

டீயோடு திரும்பியபோது எழில்மதி ஏழு கேசட்டையும் அங்கங்கே ஓட்டிக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏழுல ஒண்ணுதான்மா தேறும். மீதியெல்லாம் கிழியுது. ஒண்ண மட்டும் வச்சி ரெக்கார்டு போட முடியாது.”

“அந்த ஒன்பத நீ கேக்கவே இல்லியே.”

“சாரே கம்மின்னு எழுதி வச்சிருக்காரே. சுமாரா வந்ததுன்னுதானே அர்த்தம்?” என்று பையை மூடத் தொடங்கினாள்.

சப்ரின் என்னையே பார்த்தாள். “மா, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”

முப்பது வருடத்துக்கு முன்னால் என்னால் தப்பான கேசட் மலையேறியது. இப்போது அதே தப்பான கேசட்டுகளை மட்டும் கேட்டுவிட்டு எழில்மதி சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் யாரும் கேட்டு வரப்போவதில்லை.

“அது தரம் இல்லம்மா, வால்யூமு” என்றேன். “போட்டுப் பாரு. சிரிக்கக் கூடாது.”

போட்டாள். சொட்டுச் சொட்டாகத் தொடங்கி, பாறை பாறையாக இறங்கி, மெல்ல அகலமானது ஒரு ஓசை. கல்வராயன் மலையில் பெரியார் அருவியைப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. எழில்மதியின் கண்கள் விரிந்தன. அப்போது குக்கர் விசில் அடித்தது. பின்னாலேயே நான்.

“இன்னாங்க, குளிக்கற தண்ணி ஆறிப்போவுது. எத்தினி வாட்டி கூப்புடறது? காது கேக்குதா, இல்ல அதயும் கடையிலயே மாட்டி வச்சிட்டு வந்துட்டீங்களா?”

சிரிக்கக் கூடாது என்று சொன்னவள் முன்னால் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சப்ரின் பொத்திக்கொள்ளவும் இல்லை.

“இத்த ஊரே கேக்கணுமா?” என்றேன். காது சுட்டது.

“எடுத்துடலாம்மா. இப்ப குரலத் தனியா, வாத்தியத்தத் தனியா பிரிக்க முடியும்.”

லேப்டாப்பில் கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள். மறுபடி போட்டாள். நான் இல்லை. மணலூர்பேட்டைக்குப் போய்விட்டேன். அருவி மட்டும் இறங்கியது. நிம்மதியாக இருந்தது. ஆனால் நான் கத்தி முடித்திருக்க வேண்டிய இடத்தில் கீபோர்டு ஒரு மாதிரி இழுத்தது. மேலே ஏறி, நடுவில் உடைந்து, முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது. இடது கைப் பக்கம் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகினால் அப்படி வளையும்.

“மா,” என்றாள் சப்ரின். “இது நீ.”

என் குரலைச் சேர்த்து மறுபடி போடச் சொன்னேன். தண்ணி ஆறிப்போகிறது என்று நான் கத்துகிறேன். கீபோர்டு அதே ஏற்ற இறக்கத்தில், இன்னும் கொஞ்சம் கோணலாக, தண்ணி ஆறிப்போகிறது என்கிறது. குக்கர் மூன்று விசில் அடிக்கிறது. நாலாவதைக் கீபோர்டு அடிக்கிறது.

ஒன்பதையும் கேட்டோம். ஐந்தாவது கேசட்டில் நான் அன்றைக்கு வரத் தாமதம் போல. ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். நான் கத்தியதும்தான் அடுத்ததுக்குப் போகிறார். இருபத்தெட்டு வருடம், கேட்டால் பதில் சொல்லாத மனுஷன் என்று அவரை ஊரெல்லாம் குறை சொல்லியிருக்கிறேன்.

“குரல் இல்லாததயே போட்டுடலாம்மா, சுத்தமா இருக்கு” என்றாள் எழில்மதி.

“வேணாம்மா. அவரு தனியா பேசிக்கினு இருக்கற மாதிரி இருக்குது. என்னையும் வையி.”

“பெரியத்தா கேட்டா இன்னா சொல்வாரு?” என்றாள் சப்ரின், அவள் அத்தாவின் அண்ணனை நினைத்து.

“இன்னா சொல்வாரு, தண்ணி ஆறிடுச்சான்னு கேப்பாரு.”

ஒரே ஒரு சிக்கல் ஒன்பதாவது கேசட்டில் இருந்தது. அது அவர் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த பிறகு, கடைசியாக வாசித்தது. அதில் நான் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. “அந்த டைரக்டர் காதுல எறும்பு பூந்து, புள்ளகுட்டியோட குடும்பம் நடத்த” என்று ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் போகிறது.

“இது வேணாம்மா. அவரு இன்னும் இருக்காரு” என்றாள் எழில்மதி.

“எடுத்துடு. நல்லா இருக்கட்டும்.”

எடுத்துவிட்டுப் போட்டாள். கீழே கீபோர்டு நிதானமாக, ஒரு சொல் விடாமல், நான் சொன்ன அத்தனையையும் சொன்னது. எறும்பு வரும் இடத்தை மட்டும் இரண்டு முறை சொன்னது.

“இதயும் எடுக்கணுமாம்மா?” என்றாள் அவள். “கேக்கறவங்களுக்கு இது வெறும் மியூசிக்தான்.”

“அப்போ இருக்கட்டும்” என்றேன்.