மீதி இருபத்து நான்கு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, அடுப்புச் சூடு எல்லோருக்கும் எட்டட்டும். ஒரு எண்ணுக்காக ரத்தம் சிந்திய கதை சொல்கிறேன். பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹோர்ன் துறைமுகத்தில் சிபிராண்ட், விக்கெர்ட் என்று இரண்டு கணக்கு வாத்தியார்கள். ஊரில் ஒரு பள்ளிக்குப் போதுமான பிள்ளைகள்தான் இருந்தார்கள். பொறுக்கமாட்டாமல் சிபிராண்ட் தேவாலயக் கதவில் சவால் ஒட்டினான்: ஒன்றை இருபத்து மூன்று முறை இரட்டித்து, ஒன்றைக் கழித்தால் 83,88,607. இதை மீதியில்லாமல் வகுக்க, ஒன்றையும் இந்த எண்ணையும் விட்டால் வேறு எண்ணே கிடையாது. இதில் தோற்பவன் பள்ளியை மூடிவிட்டு ஊரைவிட்டே போகவேண்டும்.

மதுக்கடைக்குள் நுழைந்ததுமே விக்கெர்ட் சொன்னான்: "நாப்பத்தேழால போகுதுய்யா."

"உன் மூஞ்சி போகுது!" சிபிராண்ட் சாக்கட்டியால் மேசைமேலேயே வகுத்தான். மீதி இருபத்து நான்கு. அந்த ஊர் வழக்கப்படி ஒன்பது தள்ளிச் சரிபார்த்தான். இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளை விலக்கினால், வகுத்த எண்ணிலும் விடையைத் திரும்பப் பெருக்கி மீதியைச் சேர்த்ததிலும் ஒரே எண் நிற்கவேண்டும். நான்கு நின்றது. "பாருடா, நாலுக்கு நாலு! மீன் தின்னே மழுங்கின மண்டைக்கு இதெல்லாம் ஏறாது."

"எங்கயோ வழுக்கியிருக்க. திரும்பப் போடு."

"நானா வழுக்கினேன்?"

அந்தக் கடையின் உத்தரத்தில் ஒரு கத்தி குத்தி நிற்கும். அதைப் பிடுங்கினால் சண்டை. கன்னம் கிழிந்தவன் தோற்றவன், வென்றவன் சொன்னதே முடிவு. சிபிராண்ட் பிடுங்கினான். விக்கெர்ட் இடுப்புக் கத்தியை உருவுவதற்குள் பெஞ்சு கவிழ்ந்தது, சிபிராண்டின் தோள் பிளந்தது, விக்கெர்ட்டின் கன்னம் காதுவரை வாய் திறந்தது.

"தோத்தவனக் கால்வாயில போடுங்கடா! ஊறட்டும்!" குடித்துக்கொண்டிருந்த மீன்காரர்கள் விக்கெர்ட்டை முடியைப் பிடித்து இழுத்தார்கள். விலாவில் பூட்ஸ் கால்கள் இறங்கின. அவன் மேசை விளிம்பைப் பற்றி, ரத்த விரலைச் சாக்கட்டி எழுத்தில் ஊன்றினான். "ஆறு... சைபர்... பாருய்யா..." பிடி நழுவியது, அவனை வெளியே இழுத்துப் போனார்கள்.

சிபிராண்ட் பார்த்தான். எழுதியிருந்தது 83,88,067. ஆறும் சைபரும் இடம் மாறியிருந்தன. எப்படி மாறினாலும் கூட்டல் மாறாதே! ஒன்பது தள்ளியதில் அது எப்படிச் சிக்கும்? எண்ணைத் திருத்தி மறுபடி வகுத்தான். 1,78,481. மீதி இல்லை.

கடைக்காரி ஏல்கெ கோப்பையை நீட்டினாள். "என்ன வாத்தியாரே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? ஜெயிச்சிட்டீங்க, குடிங்க."

வாயைத் திறக்காமலிருந்தால் பள்ளி அவனுக்கு. வெளியே கால்வாயில் பனிக்கட்டி உடையும் சத்தம் கேட்டது.

ஓடினான். ஒருவன் கரை விளிம்பில் உட்கார்ந்து, விக்கெர்ட்டின் தலையைத் தண்ணீருக்குள் காலால் அழுத்திக்கொண்டிருந்தான்.

"விடுங்கடா! நான் எழுதினதுதான் தப்பு! நாப்பத்தேழால போகுது!"

"ஜெயிச்சவன் பேசற பேச்சா இது? குடிகாரா!" விழுந்த குத்தில் சிபிராண்டின் இரண்டு பற்கள் தெறித்தன. அவன் ஒரு படகுக் கொக்கியைப் பிடுங்கி, தலையை அழுத்தியவனின் முழங்காலில் அடித்தான், எலும்பு முறிந்தது. கூட்டம் விலகியது. சிபிராண்ட் தண்ணீரில் குதித்தான்.

இழுத்துப் போட்டதும் விக்கெர்ட் நீரும் ரத்தமுமாய்க் கக்கினான். பிறகு, "மீதி?" என்றான்.

"ஒண்ணுமில்லய்யா. ஒண்ணுமே இல்ல."

விடிந்ததும் சிபிராண்ட் பள்ளியைப் பூட்டிச் சாவியை விக்கெர்ட் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் படகேறினான்.

போய்ப் படுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாதிருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லோரும் சாப்பாட்டு நேரத்துக்கு முழுசாய் வந்து சேரட்டும்.