அறுநூறும் ஒரே நேரத்தில்

காலை ஏழு மணிக்குத் திரையில் பெயர்கள் நகரத் தொடங்கின. டயாலிசிஸுக்கு வந்து காத்திருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் காப்பீட்டு அலுவலகத்தின் கணினியிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒருவருக்குக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்தவருக்கு. பல ஆஸ்பத்திரிகளிலுமாக அறுநூறு பேர். அதைத் தானாகச் செய்யும் கணினி நிரலை எழுதியவள் அவள்தான். எதையும் வரிசையில் நிறுத்தியே பழகியவள் என்று அலுவலகத்தில் 'வரிசை அக்கா' என்று கூப்பிட்டார்கள். கேலிதான். ஆனால் மூன்று வருடத்தில் ஒரு நாளும் அந்த வரிசை அறுந்ததில்லை.

அறுநூறில் ஒரு பெயர் அவள் புருஷனுடையது. அவள் வேலையில் இருக்கும்வரைதான் அவருக்கு அந்தக் காப்பீடு.

முப்பதாவது பெயர் போகும்போது மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகிறதாம், ஆஸ்பத்திரிகள் முணுமுணுக்கின்றனவாம், இன்று முதல் ஐந்தே நிமிடம் என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

"எதுக்கு ஒவ்வொண்ணா காத்துட்டு நிக்கணும்? எல்லாத்தையும் ஒரே நேரத்துல அனுப்புங்க. பதில் வர்றப்ப வரட்டும்."

"அந்தப் பக்கம் பழைய மெஷின் சார், தாங்காது. பத்துப் பத்தா விட்டுப் பாக்கலாம்."

"நாளைக்கு அடுத்த வருஷ வேலை ஒப்பந்தத்துக்குப் பேர் குடுக்கணும். உங்க பேரையும் எழுதலாம்னுதான் இருக்கேன்."

இதற்கு மேல் என்ன பேச? எல்லாத்தையும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொன்னதை ஒரு வரி மெயிலில் போடச் சொல்லிக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கப் பயமாக இருந்தது. ஆழம் தெரிந்தே காலை விட்டாள். நிரலில் நாலு வரி மாற்றினாள். மாற்றியவர் பெயரும் நேரமும் பதிவேட்டில் தானாக ஏறின.

அனுப்பியதும் இருபது பதில்கள் மளமளவென்று வந்தன. பிறகு திரை முழுக்கச் சிவப்பு. யாரோ தாக்குகிறார்கள் என்று நினைத்து காப்பீட்டுக் கணினி இவர்கள் அலுவலகத்துக்கே கதவைச் சாத்திக்கொண்டது. பழைய நிரலை எடுத்து ஒரே ஒரு பெயரை அனுப்பிப் பார்த்தாள். அதுவும் திரும்பி வந்தது. விசாரித்துவிட்டு மதியத்துக்கு மேல் திறப்பதாகக் காப்பீட்டு அலுவலகத்தில் சொன்னார்கள்.

புருஷன் போன் செய்தார். "உங்க ஆபீஸ்லேர்ந்து பதில் வரலைன்னு ஊசி போடாம உக்கார வெச்சிருக்காங்க. மூச்சு கொஞ்சம் வாங்குது."

"வந்துடும். தண்ணி மட்டும் குடிச்சிடாதீங்க."

பதில் வராத அத்தனை பேரும் இப்படித்தான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தவள், காப்பீட்டு அலுவலகத்துக்கு மறுபடி போன் போட்டாள்.

பதினொரு மணிக் கூட்டத்தில் பதிவேட்டைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். அவள் பெயர், நேரம், நாலு வரி. மேலாளர் சொன்னதுக்குச் சுவடே இல்லை. அவளாகத்தான் மாற்றினாளா என்று யாரோ கேட்டபோது அவர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

காவலாளி அவள் கழுத்திலிருந்த அட்டையைக் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார். "எல்லா லிஸ்ட்லேர்ந்தும் உங்க பேரை எடுத்துட்டாங்களாம் மேடம்."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. காப்பீட்டுக் கணினி திறந்துவிட்டிருந்தது. பழைய நிரலையே மறுபடி ஓட்டினார்கள் போலிருக்கிறது. செவிலி டோக்கன் எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். புருஷனின் பாதம் வீங்கிச் செருப்புக்கு வெளியே பிதுங்கியிருந்தது. இவளைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"உன் வரிசை நகர ஆரம்பிச்சிடுச்சும்மா. என் டோக்கன் இருபத்திரண்டு."

பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இருபத்தொண்ணு," என்றாள் செவிலி. ஒருவர் எழுந்து உள்ளே போனார். புருஷன் சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டுக்கொண்டார். செவிலி திரையைப் பார்த்தாள். குனிந்து மறுபடி பார்த்தாள்.

"இருபத்திமூணு."

மடித்த கையை நீட்டியபடியே அவர் உட்கார்ந்திருந்தார்.