முந்நூறு மணி நேரம் பறந்தால்

1

இந்தக் கதை, கூலிக்கு எழுதிய ஒரு கட்டுரையின் மிச்சம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைப் பிடித்துக் கேட்கக் கூடாது. விமானம் வாங்கி விற்கும் தரகு நிறுவனம் ஒன்று, ‘தொழிலதிபர்கள் சொந்த விமானம் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகுமா?’ என்று கட்டுரை கேட்டது. பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தாலே அன்று முழுக்கச் சந்தோஷமாக இருக்கிற என்னிடம் கேட்டது. நானும் எழுதினேன். விமானிகள் இருவருக்குச் சம்பளம், பறந்தாலும் பறக்காவிட்டாலும். நிறுத்திவைக்கிற கொட்டகைக்கு வாடகை. காப்பீடு. என்றைக்கோ என்ஜினைப் பிரித்துப் பார்ப்பதற்காக இன்றைக்கே எடுத்துவைக்க வேண்டிய தொகை. எல்லாம் எழுதிவிட்டு, தரகர் தந்த குறிப்பிலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டேன்: வருஷத்துக்கு முந்நூறு மணி நேரத்துக்கு மேல்* பறந்தால் சொந்த விமானம் லாபம், அதற்குக் கீழே என்றால் வாடகை விமானமே மேல்.

(* இந்த எண் விமானத்துக்கு விமானம் மாறும். கதைக்கு ஏதாவது ஒன்று வேண்டும், முந்நூறு இருக்கட்டும்.)

அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை என்று எழுத ஆசை. பொய். நன்றாகத் தூங்கினேன். மறுநாள் பல் துலக்கும்போதுதான் உறைத்தது. வாங்கிய விமானம் கட்டுப்படியாக வேண்டுமென்றால், வாங்கிய ஆள் வீட்டில் இருக்கக் கூடாது. அவருக்கு ஒரு மனைவி இருந்தால்? கட்டுரையில் அவளுக்கு இடம் இல்லை. இங்கே இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: “வெண்ணெய் நிறத் தோல் இருக்கையில் சாய்ந்தபடி முதலாளி மேகங்களை—”

விட்டுவிட்டேன். அந்த இருக்கையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: “அந்தப் பெரிய வீட்டில் அவள் தன்னந்தனியாக—”

பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பணக்காரிக்காக நீங்கள் எத்தனையோ சினிமாவில் அழுது முடித்துவிட்டீர்கள். அதனால் அவளை அங்கிருந்து முன்கூட்டியே கிளப்பிவிட்டேன். இப்போது ஊரின் மறுகோடியில், இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறாள். பக்கத்திலேயே ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. புருஷனோடு சண்டை ஒன்றும் கிடையாது. “எதிர்ல உக்காந்து சாப்பிட ஆள் இல்லாத வீட்டுக்கு நான் எதுக்கு?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது தொடக்கம்தான் நின்றது. அது அவளுடைய தம்பி.

3

தம்பிக்கு அக்கா புருஷனின் கண்ணாடி பாட்டில் கம்பெனியில் நிதிப் பிரிவுத் தலைவர் வேலை. முறையாகப் படித்துத் தேறியவர்தான். ஆனாலும் அந்த நாற்காலி அக்காவைக் கொடுத்ததால் வந்தது என்று ஆபீஸ் முழுக்க நம்பியது. முகத்துக்கு முன்னால் சார், முதுகுக்குப் பின்னால் மச்சினர் சார். நாமும் மச்சினர் என்றே வைத்துக்கொள்வோம், அவருக்குப் பழகிவிட்டது.

அவருடைய அறை ஜன்னல் திறக்காது. அலமாரியில் மாதிரி பாட்டில்கள் தூசி படிந்து நிற்கும். விருந்தாளி உட்கார வேண்டிய நாற்காலியில் பிரிண்டர் இருக்கும். கம்பெனியின் மற்ற இரண்டு பங்காளிகளும் மச்சினர் கையெழுத்துப் போட்ட கணக்கைப் பார்த்தால்தான் விமானத்துக்குச் சம்மதிப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் முதலாளியே அந்த அறைக்கு வந்தார். ஒரு பாட்டிலை எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, கணக்கு என்ன சொல்லுது?”

“இடிக்குது மாமா.”

“எங்க?”

“இப்ப நீங்க வருஷத்துக்கு நூத்தம்பது மணி நேரம்தான் பறக்குறீங்க. அதுக்கு வாடகை விமானமே போதும். முந்நூறு தாண்டினாத்தான் வாங்குறது கட்டும்.”

“அவ்வளவுதானே? முந்நூறு போடு.”

“போட்டா பறக்கணுமே மாமா.”

“பறந்துட்டாப் போச்சு. வாங்கிட்டு வாசல்ல நிறுத்தி அழகு பாக்கவா போறோம்? தூரத்து ஊர்லேருந்தெல்லாம் ஆர்டருக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. இனிமே நானே நேர்ல போய் உக்காந்து பேசுறேன்.”

மச்சினர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அக்காகிட்ட, விமானம் வந்துட்டா தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவேன், நீ வீட்டுக்குத் திரும்பி வந்துடுன்னு சொல்லியிருக்கீங்களாம்.”

“ஆமா. அதுக்குத்தானே மாப்ள வாங்குறதே!”

பாட்டிலை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனார். மச்சினர் அதைப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு முந்நூறு என்று அடித்தார்.

4

இங்கே எழுதுவதை நிறுத்தினேன், முதலாளி மேல் சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஆள் பொய் சொல்கிறாரா?

தூரத்து ஊரில் அவருக்கு இன்னொரு வீடு வைத்துக் கொடுத்தால் என் வேலை சுலபம். நீங்கள் திட்டுவீர்கள், அவள் அழுவாள், எல்லாரும் எழுந்து போகலாம். வைத்துக்கூடப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு நாய்க்குட்டி வரை வாங்கிக் கொடுத்தேன். ஒட்டவில்லை. அவருக்குப் பெண் சபலம் எல்லாம் கிடையாது. அவருக்குப் பிடித்தது போய் இறங்குவது. இறங்குகிற இடத்தில் நாலு பேர் நின்றுகொண்டு ‘சார் வந்துட்டார்’ என்று பரபரக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் ‘வந்துட்டீங்களா, கை கழுவிட்டு வாங்க’ என்பார்கள். இந்த வித்தியாசத்துக்குத்தான் விமானம்.

அவளிடம் சொன்னதை அவர் முழுசாக நம்புகிறார். பங்காளிகளிடம் சொன்னதையும் நம்புகிறார். பொய்யனாக இருந்திருந்தால் அவள் எப்போதோ கண்டுபிடித்திருப்பாள்.

சரி, மச்சினர்? அவருக்கு இரண்டும் சேர்ந்து நடக்காது என்று தெரியும். பின் ஏன் முந்நூறு என்று அடித்தார்? மகளின் படிப்புச் செலவு, வீட்டுக் கடன் என்று— [வேண்டாம். எல்லாக் கதையிலும் கோழைக்கு ஒரு வீட்டுக் கடன் இருக்கிறது. இவருக்கு இல்லை. சும்மா பயம்.]

5

அக்கா மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்தாள்.

“டேய், ஒண்ணு கேக்கணும். வீட்டுக்காரம்மா நாளைக்குள்ள சொல்லச் சொல்றாங்க. நான் காலி பண்றதா இருந்தா வர்றதுக்கு வேற ஆளு தயாரா இருக்காம்.”

“ம்.”

“வேலையையும் விடணும். அங்கேருந்து தினமும் இவ்வளவு தூரம் வர முடியாது. டாக்டர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார், அது கிடக்கட்டும்.” சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உங்க மாமா சத்தியம் பண்ணாத குறையாச் சொல்றார். விமானம் வந்துட்டா எந்த ஊருக்குப் போனாலும் ராத்திரி வீட்டுக்கு வந்துடுவாராம். எனக்கு அவரை நம்பவும் முடியலை, நம்பாம இருக்கவும் முடியலை. நீ கணக்குப் போட்டவன். நீ சொல்லு. வருவாரா?”

மச்சினருக்கு முன்னால் திரையில் அந்தக் கணக்குதான் திறந்திருந்தது. முந்நூறை நிரப்புவதற்காக அவரே உட்கார்ந்து போட்ட பயணத் திட்டம். ஆர்டர் தருகிறவர்களோடு ராத்திரி விருந்து, மறுநாள் காலை மறுபடி பேச்சு என்று வாரத்தில் நாலு ராத்திரி முதலாளி வெளியூர் ஓட்டலில் தங்க வேண்டும். பங்காளிகளுக்குச் சந்தேகம் வராதபடி ஊர்களைப் பிரித்துப் போட்டிருந்தார். அந்த ஊர்களில் ராத்திரி விமானத்தை நிறுத்துவதற்கு இடம் இல்லை, இடம் இருக்கிற ஊரிலோ கொள்ளை வாடகை. ஆகவே விமானம் அவரை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வந்துவிடும். வேலை முடிந்ததும் போய் ஏற்றிவரும். அதற்குத் திரையில் தனியாக ஒரு வரி இருந்தது: காலிப் பயணம்.

“சொல்லுடா, வருவாரா மாட்டாரா?”

“அது பெரிய கணக்குக்கா. சட்டுனு சொல்ல முடியாது.”

“சரி, எனக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லு. அந்த விமானத்தை வெளியூர்லயே போட்டு வெப்பாங்களா, ராத்திரி இங்க கொண்டாந்துடுவாங்களா?”

“கொண்டாந்துடுவாங்கக்கா. எங்க போனாலும் ராத்திரி இங்கதான் நிக்கும்.”

“நிஜமாவா?”

“நிஜமாக்கா. கணக்குலயே அப்படித்தான் போட்டிருக்கேன்.”

மறுமுனையில் அவள் மூச்சு விட்டது கேட்டது. “அது போதும்டா,” என்றாள். “வெக்கட்டுமா? ஆளுங்க வந்துட்டாங்க.”

மச்சினர் போனைக் கவிழ்த்து வைத்தார். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றியது.

6

முடிவுகள்.

(அ) மச்சினர் உடனே திரும்பக் கூப்பிடுகிறார். “அக்கா, வீட்டை விடாதே” என்கிறார். எழுதிப் பார்த்தேன். மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாலு பகுதியாக இந்த ஆளோடு பழகியிருக்கிறேன், இவர் கூப்பிட மாட்டார்.

(ஆ) பெரிய வீடு. அவள் இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள். கூரைக்கு மேலே காலி விமானம் தாழ்ந்து வருகிற சத்தம். அவள் எழுந்து முகம் கழுவி— [அடித்துவிட்டேன். அழகாக வந்துகொண்டிருந்தது. இந்த அயோக்கியத்தனத்தை அழகாக எழுத எனக்கு மனசு வரவில்லை.]

(இ) தொழில் நொடித்து விமானத்தை விற்றுவிடுகிறார்கள். அதை வாங்க என் தரகரே வருகிறார், கையில் என் கட்டுரையோடு. இது அவருக்கு வேண்டுமானால் சந்தோஷ முடிவு.

நாலாவது என்னிடம் இல்லை. நாளைக் காலை வீட்டுக்காரம்மா வந்து கதவைத் தட்டுவார். அதுவரை அந்த இரண்டு அறைகளும் அவளுடையவை, சம்பளமும் அவளுடையது. உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். முதலாளிக்கு அப்படி ஒரு உண்மை இருப்பதே தெரியாது. மச்சினர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இனி நீங்கள்தான்.

உங்கள் அக்கா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையைத்தான் என்று அவசரமாகத் தலையாட்டாதீர்கள். அந்த மத்தியானம் போன் வருகிறவரை மச்சினரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.