நான்காவது ஆம்புலன்சின் முத்திரை

எல்லை ஊரான தெகுன் உமானில் காலை ஐந்தரைக்கு நான் அந்த வண்டியில் ஏறினேன். சுங்கத்துறையில் என் வேலையே அதுதான். வரி கட்டாத சரக்கு குவாத்தமாலாவுக்குள் வந்தால், அது போய்ச் சேர வேண்டிய சுங்கக் கிடங்கு வரைக்கும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போக வேண்டும். டயர், கோதுமை, பழைய சலவை இயந்திரம் என்று பதினோரு வருடம் போயிருக்கிறேன். ஆம்புலன்சோடு போனது அன்றைக்குத்தான்.

மொத்தம் ஏழு ஆம்புலன்ஸ்கள். கனடாவில் ஒரு நகரம் வேண்டாமென்று கழித்ததை, எங்கள் மலையூர்த் தீயணைப்புத் தொண்டர்கள் கேட்டு வாங்கி, அங்கிருந்து தாங்களே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இருபத்துமூன்று நாள் பயணம். இருபத்துநான்காம் நாள் கெத்சால்தெனாங்கோ நகரம் போய்விட்டால் முடிந்தது. அங்கே மேயர் காத்திருந்தார், பேண்டு வாத்தியமும் காத்திருந்தது. ஏழு வண்டிகளின் பின்கதவிலும் நானே கம்பி கோத்து ஈயமுத்திரை அழுத்தியிருந்தேன். உள்ளே ஸ்ட்ரெச்சர், குழாய், பூட்ஸ் என்று கூரைவரை பெட்டிகள். ஏழுக்கும் சேர்த்து ஒரே சுங்கத் தாள். ஒரு முத்திரை உடைந்தாலும் ஏழும் மாட்டிக்கொள்ளும்.

எனக்குக் கிடைத்தது நான்காவது வண்டி. ஓட்டியவள் ஒதிலியா சாந்திஸோ. நாற்பது வயது, ஊரில் தையற்கடை, அழைப்பு வந்தால் ஆம்புலன்ஸ்.

"ஆபீசர், பெல்ட் போட்டாச்சா? போட்டாச்சுன்னா கிளம்பலாம். போடலைன்னாலும் கிளம்பலாம்."

ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். எஞ்சின் சூடு காட்டும் முள்ளை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாள். வயர்லெஸ்ஸில் கேப்டன் ஃபெர்மின் கத்தினார். ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் அவர், பயணத்துக்குத் தலைவர்.

"நாலாம் நம்பர்! முன்னால போறவன் முதுகுல ஏறிடாத. இடைவெளி விடு!"

"விட்டுட்டேன் கேப்டன்" என்றாள். விடவில்லை.

"இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள போயிடப் போறோம். எதுக்குக்கா இவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன்.

முள்ளை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு சொன்னாள். "போன மழைக்காலத்துல சாரத்துலேர்ந்து விழுந்த ஒரு கொத்தனாரை ஏத்திக்கிட்டுப் போனேன். ஏத்தத்துல பழைய வண்டி கொதிச்சு நின்னுடுச்சு. நாப்பது நிமிஷம். மனுஷன் எங்கூடப் பேசிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் பேசலை. அன்னிலேர்ந்து எங்க ஊர்ல ஆம்புலன்ஸே கிடையாது. யாராவது விழுந்தா காய்கறி லாரியிலதான் தூக்கிட்டுப் போறாங்க. நான் இங்க உங்ககூட வேடிக்கை பார்த்துக்கிட்டுப் போறேன். இப்பக்கூட யாராவது விழுந்திருப்பாங்க."



ரெதால்யூலேயு ஊரைத் தாண்டி மலையேறத் தொடங்கிய இடத்தில், பத்து மணிக்கு, வண்டிகள் நின்றன. சாலை மறியல். ஒன்பது நாளாகக் கரண்ட் இல்லாத ஒரு கிராமம் சாலையின் குறுக்கே மரங்களையும் டயர்களையும் போட்டு உட்கார்ந்திருந்தது. நாங்கள் தடுப்புக்கு மிக அருகில் இருந்தோம். பின்னால் கண்ணுக்கெட்டிய வரை லாரிகள். திரும்பவும் வழியில்லை.

கேப்டன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போனார். ஒதிலியா அவருக்கு முன்னால் ஓடினாள். நான் பின்னால் போனேன்.

தடுப்புக்குப் பக்கத்தில், பெரிய பானையில் மக்காச்சோளக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அகப்பையோடு நின்றவள் பர்த்தோலா. கனத்த உடம்பு, குரல் அதைவிடக் கனம். மறியலுக்குத் தலைவர் வேறு யாரோ. ஆனால் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"அம்மா, இது ஆம்புலன்ஸ். ஆம்புலன்சை விடணும்" என்றார் கேப்டன்.

"விடறோமே! நோயாளி எங்க?"

"நோயாளி இல்ல. வண்டியைக் கொண்டு போறோம்."

பர்த்தோலா வந்து, எங்கள் வண்டியின் பின்கண்ணாடியில் கையை வைத்து மறைத்து எட்டிப் பார்த்தாள். "உள்ள அட்டைப்பெட்டிதான் படுத்திருக்கு. பெட்டிக்கு என்ன, காய்ச்சலா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "நோயாளி இல்லாத ஆம்புலன்ஸ் லாரிதான் கண்ணு. வரிசையில நில்லு. கஞ்சி வேணும்னா தரேன்."

"கஞ்சி வேணாம். வழி வேணும்" என்றாள் ஒதிலியா.

"எங்களுக்குக் கரண்ட்டு வேணும். கேட்டதெல்லாம் கிடைக்குதா?"

மூன்று மணி நேரம் போயிற்று. ஒதிலியா உட்காரவே இல்லை. ஏழு வண்டிகளையும் சுற்றி வந்தாள், டயரை உதைத்தாள், மூடியைத் திறந்து ஆறிப்போன எஞ்சினைப் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்த்தே தலை சுற்றியது. பேண்டு வாத்தியக்காரர்கள் சாப்பிடப் போய்விட்டதாகக் கேப்டனுக்கு போன் வந்தது.

ஒரு மணிக்கு, பொறுமை இழந்த ஒரு லாரி டிரைவர் வலதுபுறப் புல்வெளியில் வண்டியை இறக்கி, தடுப்பைச் சுற்றிப் போகப் பார்த்தான். கூட்டம் கத்திக்கொண்டு ஓடியது. யாரோ இடித்தார்கள். பானை சாய்ந்தது. பர்த்தோலாவின் இடுப்புக்குக் கீழே மொத்தக் கஞ்சியும் கொட்டியது.

அந்த அலறலை நான் எழுதப் போவதில்லை.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒதிலியா அங்கே இருந்தாள். ஒருத்தி பற்பசையைப் பிதுக்கிக்கொண்டு வந்தாள்.

"அதைத் தூக்கிப் போடு! தண்ணி! குடிக்கிற தண்ணி, எவ்வளவு இருக்கோ அவ்வளவும்!"

லாரிக்காரர்கள் கேன் கேனாகக் கொண்டு வந்தார்கள். அந்தப் புல்வெளி டிரைவர்தான் முதல் கேனைக் கொண்டு வந்தான், அழுதுகொண்டு. இருபது நிமிடம் விடாமல் ஊற்றினாள். கஞ்சி ஒட்டியிருந்த துணியைக் கத்தரித்தாள். தோலோடு ஒட்டாத இடத்தில் மட்டும். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆபீசர், பின்கதவு."

மேலதிகாரிக்கு போன் போட்டேன். "உடைக்காதே. டைரக்டரைக் கேட்டுச் சொல்றேன், லைன்லயே இரு" என்றார். லைனிலேயே இருந்தேன். இசை ஓடியது.

கேப்டன் என் கையைப் பிடித்தார். முகம் வெளுத்திருந்தது. "தம்பி, ஒரு நிமிஷம். ஏழு வண்டியும் ஒரே தாள். ஏழு ஊரு காத்துக்கிட்டிருக்கு. இருபத்துநாலு நாளு..." கீழே படுத்திருந்தவளைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஒதிலியா அதற்குள் கருவிப்பெட்டியிலிருந்து கம்பி வெட்டியை எடுத்துக்கொண்டு கதவருகே போய்விட்டாள்.

"இங்க குடுங்கக்கா" என்றேன்.

"தடுக்காதீங்க ஆபீசர், சொல்லிட்டேன்."

"தடுக்கலை. நீங்க வெட்டினா குற்றம், ஜெயில். நான் வெட்டினா தப்பு, ஒரு மெமோ. குடுங்க."

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். கொடுத்தாள். போனில் இன்னும் இசை ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு வெட்டினேன்.

பெட்டிகளை மறியல்காரர்களே இறக்கிச் சாலையோரம் அடுக்கினார்கள். ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. எட்டுப் பேர் மரத்தடுப்பைத் தூக்கி ஓரமாகப் போட்டார்கள், ஒரு வண்டி அகலத்துக்கு மட்டும். பெட்டிகளைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கேப்டன் சொன்னார். வண்டி ஓட்டும்படி ஒதிலியா என்னிடம் சாவியை வீசினாள். அவள் பின்னால், நோயாளியோடு.

எனக்கு ஆம்புலன்ஸ் ஓட்டித் தெரியாது. சைரன் என்று நினைத்து ஒரு பொத்தானை அழுத்தினேன். பின்விளக்கு எரிந்தது. இன்னொன்றை அழுத்தினேன். உள்ளே அனல்காற்று அடித்தது.

"ஏற்கெனவே வெந்துட்டேன்டா, மறுபடியும் வேக வைக்கிறியா?" என்று பின்னாலிருந்து பர்த்தோலா பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள்.

"மூணாவது, சிவப்பு!" என்றாள் ஒதிலியா. சைரன் அலறியது. எதிரில் காலிச் சாலை. ஏற்றத்தில் வண்டி முனகக்கூட இல்லை. ஒதிலியா நனைத்த துணியை மாற்றுவதும், பேச்சுக் கொடுப்பதுமாக இருந்தாள். கரண்ட் போனதிலிருந்து தன் குளிர்பெட்டியில் கெட்டுப்போன கோழிகளைப் பற்றி பர்த்தோலா சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் அவள் மௌனமானபோதெல்லாம், "அப்புறம்? அப்புறம் என்னாச்சு?" என்று ஒதிலியாவின் குரல் உயர்ந்தது. நான் ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தேன்.

முப்பத்தைந்து நிமிடத்தில் கெத்சால்தெனாங்கோ ஆஸ்பத்திரி. உள்ளே கொண்டு போனார்கள். கதவு மூடியது.

வாசல் படியில் நான் உட்கார்ந்தேன். ஒதிலியா உட்காரவில்லை. காலியான வண்டியைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். ஒரு நர்ஸ் வெளியே வந்தபோதெல்லாம் ஓடினாள். நான்கரைக்கு ஒரு டாக்டர் வந்து, கால் தப்பிக்கும், ஒரு தொடையில் தோல் ஒட்டவைக்க வேண்டியிருக்கும், தண்ணீர் ஊற்றியது நல்லதாகப் போயிற்று என்றார். ஒதிலியா தலையாட்டினாள். அவர் போனதும் வண்டிக்குப் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் போகவில்லை.

இருட்டுவதற்குள் மற்ற ஆறு வண்டிகளும் வந்தன. பேச்சுவார்த்தை நடந்து மறியல் கலைந்திருந்தது. பின்னாலேயே ஒரு பிக்கப்பில் எங்கள் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அந்த ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர். பேண்டு போய்விட்டது. மேயரும் போய்விட்டார். கேப்டன் இறங்கி வந்து ஒதிலியாவின் முன்னால் நின்றார். ஏதோ திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"வண்டி ஏத்தத்துல எப்படி இழுத்துச்சு?" என்றார்.

"கேப்டன், முனகக்கூட இல்ல."

ஏழு வண்டிகளையும் அன்று இரவே சுங்கக் கிடங்கில் ஒப்படைத்தோம். அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். முத்திரையை வெட்டியது நான் என்றும் எழுதினேன். ஆறு வண்டிகளை மூன்று வாரத்தில் விட்டார்கள். நான்காவது இரண்டரை மாதம் கிடந்தது. மெமோ வந்தது. என்னை வடக்கே, காட்டுப்பகுதியான பெத்தென் பக்கம், வாரத்துக்கு நாலு லாரி வரும் ஒரு சாவடிக்கு மாற்றினார்கள். என் மனைவி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அந்த இரண்டரை மாதமும் ஒதிலியா வாராவாரம் பஸ் பிடித்து வந்து, கிடங்கின் வேலிக்கு வெளியே நின்று காவலாளியைக் கூப்பிடுவாளாம். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிடச் சொல்லி, சத்தத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்புவாளாம்.