சாட்சிப்படிப் புத்தகத்தின் பின்பக்கம்

செல்லச்சாமி சோம்பேறி அல்ல. மதியம் ஒரு மணி ஆனால் மட்டும் அவருக்குக் கை ஓடாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நெய்னா முகம்மது மனுவோடு வந்து நின்றதும் ஒரு மணிக்குத்தான்.

கோர்ட்டின் ஆவண அறை செல்லச்சாமி பொறுப்பில் இருந்தது. உச்சிப்புளிப் பக்கத்துத் தென்னந்தோப்பின் பேரில் தன் வாப்பா வாங்கிய அடமானக் கடனை, 1931இல் அவரே இதே கோர்ட்டில் கட்டி அடைத்துவிட்டதாக நெய்னா சொன்னார். ரசீது அறுபத்துநாலு புயலில் போய்விட்டது. கடன் கொடுத்தவரின் பேரன்கள் தோப்பைக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். செல்லச்சாமி அந்த வருஷத்து டெபாசிட் பேரேட்டைப் புரட்டினார். ஜூலையோடு பக்கங்கள் தீர்ந்திருந்தன. அதற்குமேல் தேட அவருக்குப் பொறுமை இல்லை.

பெரியவருக்குக் காது மந்தம். "பதிவு இல்ல பாய்! இல்ல!" என்று செல்லச்சாமி நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கத்தினார். அதையே எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த ஒரு வரியில் தோப்பு போனது.

போன மாதம் பழைய ரிஜிஸ்டர்களை ஸ்கேன் பண்ண ஆட்கள் வந்தார்கள். சாட்சிகளுக்குக் கொடுத்த படிக்காசை எழுதிய புத்தகம் ஒன்றில், கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக வேறொரு கணக்கு ஓடியது. டெபாசிட் பேரேடு ஜூலையில் தீர்ந்ததும், அந்தக் காலத்துக் குமாஸ்தா கைக்குக் கிடைத்த புத்தகத்தைத் திருப்பிப் போட்டு எழுதித் தள்ளியிருக்கிறார். எங்கும் ஒரு குறிப்பு இல்லை. அன்றைய வெள்ளைக்கார ஜட்ஜ் துரையும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றாவது வரியில் நெய்னாவின் வாப்பா: ஹமீது சுல்தான், இருநூற்று நாற்பது ரூபாய், அடமான மீட்பு.

செல்லச்சாமி பாழாய்ப்போன குமாஸ்தாவை வாய்விட்டுத் திட்டிப் பார்த்தார், மனசு ஆறவில்லை. இத்தனை வருஷமும் அந்தப் புத்தகம் அவர் நாற்காலிக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நகல் எடுத்துக்கொண்டு வீடு தேடிப் போனார். நெய்னாவின் மகள் உம்மு ஹபீபா கதவைத் திறந்தாள்.

"வாப்பா இல்லையாம்மா?"

"மௌத்தாகி ஆறு வருஷமாச்சு சார்."

அவர் நகலை நீட்டினார். தேடாமல் எழுதிக் கொடுத்ததையும் மறைக்காமல் சொன்னார். அப்பீல் போடலாம் என்று ஆரம்பித்தபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தோப்பு கெடக்கட்டும். 'பணத்தக் கட்டாமலே கட்டிட்டேன்னு எங்க வாப்பா பொய் சொல்லிட்டாகளே'ன்னு பொலம்பிக்கிட்டேதான் வாப்பா கண்ண மூடுனாக. அதுக்கு யாருகிட்ட அப்பீல் போட?"

நகலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"வாப்பாவ அடக்கின மையவாடிக்குள்ள பொம்பளைக நாங்க போறதில்ல. நீங்க போயி அவுககிட்ட இத வாசிச்சுச் சொல்லுங்க."

அவள் மதிலுக்கு வெளியே நின்றாள். செல்லச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் அடையாளம் சொன்ன கபருக்கு முன்னால் போய் நின்றார். பெயரை வாசித்தார். தொகையை வாய்க்குள்ளேயே சொன்னார்.

"கேக்கல சார்," என்றாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து. "அன்னைக்கு இல்லன்னு கத்துனீகளாமே, அந்தச் சத்தத்துல வாசிங்க."